ரோசம்மாவின் ஹோய்

ரோசம்மா வரப்பில் நடக்க, அருள்நாதன் நான்கு அடி விட்டுப் பின்னால் நடந்தான். கையில் நாற்பது பக்க நோட்டு, காதில் பென்சில். அவள் நின்றால் நின்றான். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியதைக்கூட ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று விட்டான்.

"என்னடா இது, போலீஸ்காரனாட்டம் பின்னாலயே வர்ற?"

"நீ எப்பவும் செய்யறத செய்யிக்கா. நான் இல்லன்னு நெனச்சுக்க."

"தடிமாடாட்டம் நிக்கற. இல்லன்னு எப்படி நெனைக்கறது?"

அவளுக்கு ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி கன்னியாஸ்திரி இந்த முறை வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "படுத்தே இருக்கணும். நடந்தீன்னா இதுவும் போயிடும்" என்றார். சுற்றி வளைக்கவில்லை. ரோசம்மா சரியென்று தலையாட்டிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே மோட்டார் போடப் போனாள். வேறு என்ன செய்வது? பொம்மிடிக்குக் கிழக்கே மேட்டுக்கொட்டாயில் பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு அது. ஊற்று கஞ்சத்தனமானது. முக்கால் மணி நேரம் இறைத்தால் வற்றிவிடும். மறுபடி ஊற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊறியதும் போட வேண்டும், வற்றுவதற்குள் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் விட்டால் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிடும். வீட்டிலிருந்து கிணறு ஒரு பர்லாங்கு தூரம், அதுவும் மேடு. போடவும் நிறுத்தவுமாக ஒரு நாளைக்குப் பதினோரு தடவை ஏறி இறங்கினாள். புருஷன் யாகப்பன் ரயில்வேயில் கேங்மேன். விடிந்தால் சுத்தியலோடு தண்டவாளத்துக்குப் போகிறவன் இருட்டித்தான் திரும்புவான்.

அருள்நாதன் அவள் தம்பி. சேலம் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் பாதியில் வெளியே வந்தவன். பணம் இல்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அது பொய். அங்கே ஒரு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனுக்குக் கீழே நைட் ஷிப்ட். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்ட மறுநாள் காலைப் பாசஞ்சரில் வந்து இறங்கி, "நீ செய்யற வேலைய ஒரு பெட்டி செய்யும். என்ன செய்யறேன்னு மட்டும் எனக்குக் காட்டு" என்றான்.

கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் வைக்க ஒரு ஓட்டுக் கொட்டகை. மோட்டாரும் பம்பும் மேலே இல்லை. கிணற்றுக்குள் பதினெட்டுப் படி இறங்கினால் பாறையில் குடைந்த மேடை ஒன்று வரும், அதில் இருந்தன. இரண்டையும் ஒரு தோல் பெல்ட் சேர்த்தது. ரோசம்மா விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டி, "ஹோய்!" என்று கத்தினாள். பாறைப் பொந்துகளிலிருந்து பத்துப் பதினைந்து மாடப்புறாக்கள் படபடவென்று மேலே வந்து சிதறின. அவள் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு கொட்டகைக்குள் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

"எப்ப நிறுத்துவ?"

"சத்தம் மாறும்டா. களக் களக்குனு காத்து குடிக்கும். அதுக்கு முன்னாலயே கல்லுல ஒரு வெள்ளக் கோடு தெரியும் பாரு, அங்க வந்தா நிறுத்திருவன்."

"போடறது?"

"மேல அந்தப் பச்சப் பாசி நனையணும்."

"பாசிக்கும் கோட்டுக்கும் நடுவுல தண்ணி நின்னா?"

அவள் யோசித்தாள். யாரும் அவளை இதுவரை கேட்காத கேள்வி. "அப்ப ஒண்ணுஞ் செய்ய மாட்டன். ஓடிக்கிட்டிருந்தா ஓடட்டும். நின்னுக்கிட்டிருந்தா நிக்கட்டும்."

அருள்நாதனின் பென்சில் நின்றது. மில்லில் தலைமை எலக்ட்ரீஷியன் ஒருமுறை ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தை அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"சரி. கரண்ட் இல்லாதப்ப?"

"கரண்ட் இல்லாதப்ப மோட்டாருக்கு என்னடா வேல? சும்மா கெடக்கும்."

அவன் பாசியை மேல் கம்பி என்றும் கோட்டைக் கீழ்க் கம்பி என்றும் மாற்றி எழுதினான்:

மேல் கம்பி நனைந்தால் ஓடு.
கீழ்க் கம்பி காய்ந்தால் நில்.
நடுவில் என்றால் செய்துகொண்டிருப்பதையே செய்.
கரண்ட் இல்லாதபோது: ஒன்றுமில்லை.

நான்கு வரி. ஆறு வருஷமாக அவள் வெயிலிலும் மழையிலும் செய்த வேலை நான்கு வரியில் அடங்கிவிட்டதா என்று அவன் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். புறாவை அவன் எழுதவில்லை. புறாவுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

மில்லில் கழித்துப் போட்ட ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச், பழைய ரேடியோவின் டிரான்ஸ்பார்மர், மூன்று செம்புக் கம்பி, எல்லாம் சேலத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் அவன் அதைக் கட்டினான். பன்னிரண்டு நாள் ஆனது. கம்பிகளைக் கிணற்றில் தொங்கவிட்டான். ஒன்று பாசி மட்டத்தில், ஒன்று வெள்ளைக் கோட்டில், இன்னொன்று அடிவரைக்கும். கரண்ட் இருக்கிறதா என்று தெரிய கொட்டகையில் ஒரு சின்ன பல்பும் மாட்டினான்.

முதல் நாள் மேட்டுக்கொட்டாய் ஊரே வந்து நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் மாது வந்தார். ஐம்பது வயசு, காளை வியாபாரம் பார்த்தவர், எதையும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நம்பாதவர்.

"ஏப்பா அருளு, தண்ணி வந்தது உம்பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணு இருக்குதா?"

"கண்ணு இல்லீங்க. நாக்கு இருக்குது. அந்தக் கம்பிதான் நாக்கு. தண்ணி பட்டா ருசி தெரியும்."

"உப்பா இனிப்பான்னும் சொல்லுமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கம்பியின் நுனிக்குக் கீழே கறுப்பாக, ஒரு விரற்கடை தூரத்தில் தண்ணீர் நின்றது. நின்றதா, ஏறியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அரை விரற்கடை. பிறகு நுனியைச் சுற்றித் தண்ணீர் லேசாக மேலே எழும்பி ஒட்டிக்கொண்டது. கொட்டகையில் டக் என்று ஒரு சத்தம். கிணற்றுக்குள் மோட்டார் உறுமியது. வாய்க்காலில் குழாய் ஒரு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. பொத்தானை யாரும் தொடவில்லை. மாது தோளில் கிடந்த துண்டைத் தன்னை அறியாமல் எடுத்து இடுப்பில் கட்டினார். யாகப்பன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். அருள்நாதனே ஓரடி பின்னால் போனான். செய்தவன் அவன்தான், ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான், ஆனாலும் பின்னால் போனான். எழுதி வைத்த ஒரு வரி எழுந்து போய் ஐந்து குதிரைச் சக்தியைத் தட்டி எழுப்பியிருக்கிறது.

ரோசம்மா கயிற்றுக் கட்டிலில் படுத்தாள். முதல் இரண்டு நாள் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு பழகிவிட்டது. ஐந்து வாரம் அந்தப் பெட்டி தப்பில்லாமல் வேலை செய்தது. ஏழாம் மாதம் தாண்டியது. முந்தைய இரண்டும் அந்த மாதத்தைப் பார்த்ததில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் மோட்டார் ஒரு முறை இறைத்து நின்ற கையோடு கரண்ட் போய்விட்டது. யாகப்பன் பூசை முடிந்து வந்து, முந்தின நாள் பெல்ட்டின் தையல் பிரியத் தொடங்கியது நினைவுக்கு வர, ஊசியும் தோல் வாரும் எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினான். கொட்டகையைத் தாண்டித்தான் போனான். மெயின் சுவிட்சை அவன் இழுக்கவில்லை. எதற்கு இழுக்க வேண்டும்? கரண்ட்தான் இல்லையே. மோட்டார் சும்மா கிடந்தது. மேட்டுக்கொட்டாயில் மோட்டார் சும்மா கிடந்தால் இரண்டே காரணம்தான் இதுவரைக்கும்: ஒன்று கரண்ட் இல்லை, அல்லது ரோசம்மா பொத்தானை அமுக்கவில்லை. மூன்றாவது காரணம் ஒன்று புதிதாகப் பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கரண்ட் வந்துவிட்டது, பெட்டி விழித்துக்கொண்டிருக்கிறது, தண்ணீர் இன்னும் நாக்கைத் தொடவில்லை. மூன்று காரணத்துக்கும் கிணற்றுக்குள் ஒரே அமைதிதான்.

காலைப் பாசஞ்சரில் இறங்கி வரப்பில் வந்துகொண்டிருந்த அருள்நாதன் கொட்டகையில் பல்பு எரிவதைப் பார்த்தான். நல்லது, கரண்ட் இருக்கிறது என்று நினைத்தான். இரண்டடி நடந்தான். கிணற்றுக்குள்ளிருந்து டொக் டொக்கென்று தோலைத் தட்டும் சத்தம் வந்தது. கூடவே யாகப்பனின் சீழ்க்கை.

அவன் ஓடினான். "மாமா! கைய எடுங்க! மாமா!"

உள்ளே சீழ்க்கை நின்றது. யாகப்பன் கையை எடுக்கவில்லை. கையை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, யார் கூப்பிடுகிறார்கள் என்று தலையை மட்டும் நிமிர்த்தி, "என்னடா?" என்றான்.

டக்.

இடது கைச் சுண்டுவிரலில் மேல்கணு போனது. அதோடு போனது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். பெல்ட் முழுசாகத் தைத்து முடியாததால் பிய்ந்துகொண்டு தெறித்தது. தைத்து முடித்திருந்தால் கையையே உள்ளே இழுத்திருக்கும். யாகப்பன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அருள்நாதன் எதிரே சுவரோரம் நின்றான்.

"நாக்குதான் இருக்குதுன்ன," என்றான் யாகப்பன். "பல்லு இருக்கறத சொல்லலியே."

அன்று சாயங்காலமே ஒற்றைக் கையால் மூன்று கம்பிகளையும் பிடுங்கி வேலியில் எறிந்தான். மறுநாள் காலை ரோசம்மா கட்டிலை விட்டு எழுந்தாள். அவன் தடுத்தான். நான் வேலைக்குப் போகவில்லை, நானே போடுகிறேன் என்றான். ஒரு வாரம் போட்டான். எட்டாம் நாள் காயம் ஆறுவதற்கு முன்பே ரயில்வே மேஸ்திரி வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். அவன் போனதும் அவள் வரப்பில் ஏறினாள்.

அருள்நாதன் அந்த எட்டு நாளும் சேலத்திலேயே கிடந்தான். ஷிப்டு முடிந்து அறையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நான்காவது வரியையே பார்த்தான். கரண்ட் இல்லாதபோது: ஒன்றுமில்லை. அக்கா சொன்னாள், அவன் எழுதினான். யார் மேலும் தப்பு சொல்ல முடியவில்லை. அதுதான் அவனைத் தூங்க விடவில்லை. அவள் மோட்டார் போட்ட ஆறு வருஷத்தில் யாகப்பன் எத்தனையோ தடவை அதே மேடையில் உட்கார்ந்து அதே பெல்ட்டைத் தைத்திருக்கிறான். ஒரு நகம்கூடப் பெயரவில்லை. அப்படியென்றால் அவள் ஏதோ ஒன்று செய்திருக்கிறாள். அது நோட்டில் இல்லை.

ஒன்பதாம் நாள் வந்தான். அவள் கிணற்றுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வயிறு முன்னால் தள்ள, ஒரு கையை இடுப்பில் ஊன்றி நடந்தாள். இந்த முறை நோட்டு இல்லாமல் பின்னால் போனான். விளிம்பில் நின்றாள். எட்டிப் பார்த்தாள். "ஹோய்!" புறாக்கள் கிளம்பின. அவள் சும்மா நின்றாள்.

"அக்கா, இரு. எதுக்குக் கத்தன?"

"எதுக்குன்னா? கத்துவன்."

"புறாவத் தொரத்தவா?"

"புறா என்னடா பண்ணுச்சு என்னைய? உள்ள யாருனா இருப்பாங்க. பசங்க நீச்சலடிப்பானுங்க, மாது வூட்டுல தண்ணி மோக்க எறங்குவாங்க, உங்க மாமன் எதையாவது நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கும். மேடைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாதில்ல."

"யாருனா பதில் சொல்லியிருக்காங்களா?"

"எப்பவாச்சும். வருசத்துல ரெண்டு தடவ, மூணு தடவ."

"மீதி நாளெல்லாம்?"

"சத்தம் வராது. வரலைன்னாதான போடறன்?" அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "இதக்கூடவா சொல்லணும்?"

அருள்நாதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். போட மட்டும் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஆறு வருஷம். பத்தாயிரத்துக்குமேல் அவள் இந்தக் குழியைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு நின்றிருக்கிறாள். பதில் வராததையே பதிலாக வாங்கிக்கொண்டு பொத்தானை அமுக்கியிருக்கிறாள். கேள்வி என்று அவளுக்கே தெரியாது. அவன் காதாலேயே கேட்டான், புறா என்று நினைத்தான். கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு ஹோய்க்குள் எப்படி அடைத்து வைத்திருந்தாள் என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது. கோயிலில்கூட அவனுக்கு இப்படி இருந்ததில்லை.

அன்று ராத்திரி அவன் மில்லுக்குப் போகவில்லை. யாகப்பன் வந்ததும் முற்றத்தில் உட்காரவைத்துச் சொன்னான். "மாமா, தண்டவாளத்துல கை வைக்கறதுக்கு முன்னால செவப்புக் கொடி நடுவீங்க இல்ல?"

"நடாம? வண்டி வந்தா?"

"என் பெட்டிக்கு அந்தக் கொடி தெரியாதுங்க. நான் சொல்லித் தரல. இப்ப சொல்லித் தர்றன். அதுக்கு ஒரு வாயி வைக்கறன். போடறதுக்கு முன்னால மணி அடிக்கும், பதினெட்டுப் படி ஏறி மேல வர்ற நேரம் வரைக்கும். ஏற முடியலைன்னா நீங்க பதில் சொல்ல மேடையில ஒரு கயிறு. இழுத்தீங்கன்னா போடாது."

யாகப்பன் கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தான். கட்டிலில் படுத்திருந்த ரோசம்மா ஒருக்களித்துத் திரும்பினாள். கறுத்த நிழலில் அவள் குரல் மட்டும் வந்தது.

"அந்தக் கயித்த எலி கடிச்சிட்டா?"

அருள்நாதன் அந்தக் கயிற்றை மனசுக்குள் ஒரு முறை இழுத்துப் பார்த்தான். எலி கடித்தால் இழுத்த கயிறு கையோடு வரும். யாகப்பன் இழுத்துக்கொண்டிருப்பான், பெட்டிக்கு ஒன்றும் கேட்காது. பதில் வரவில்லை என்று போட்டுவிடும்.

"எப்படிடா கெட்டுப்போனாலும் நல்ல பக்கமா கெட்டுப்போற மாதிரி பண்ண முடியாதா?" என்றாள் அவள், கொட்டாவியோடு.

அதற்கு இரண்டு வாரம் பிடித்தது. வேலியில் கிடந்த கம்பிகளை எடுத்து மறுபடி கிணற்றில் தொங்கவிட்டான். மணி மில்லில் மாற்றிப் போட்ட பழைய ஷிப்டு மணி. தாமதத்துக்கு எண்ணெய்க் குடுவைக்குள் மெல்ல இறங்கி, அடியைத் தொட்டதும் மோட்டாரைப் போடும் ஒரு பிஸ்டன். யாகப்பனைப் படியில் நான்கு முறை ஏறவைத்து அதன் துவாரத்தைச் சரிசெய்தான். கயிற்றைக் கொட்டகையிலிருந்து மேடை வரைக்கும் விட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டான், அம்மிக் குழவி அளவு. கல்லின் கனம் இழுத்துக்கொண்டிருந்தால்தான் மேலே சுவிட்ச் சேர்ந்திருக்கும். கல்லைத் தூக்கினால் விட்டுவிடும். எலி கடித்துக் கல் விழுந்தாலும் விட்டுவிடும். ஒயர் அறுந்தாலும் அதே. மோட்டார் ஓட வேண்டுமானால் எல்லாம் நன்றாக இருந்தாக வேண்டும். எது செத்தாலும் அது நில் என்று சொல்லிவிட்டுத்தான் சாகும். நான்காவது வரியை அவன் அடித்துவிட்டு மறுபடி எழுதினான். அந்த வரி மட்டும் இரண்டரைப் பக்கம் வந்தது.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாது ஒரு ஆளாகக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து புங்க மரத்தடியில் போட, ரோசம்மாவை மாட்டு வண்டியில் கூட்டிவந்து படுக்கவைத்தார்கள். எட்டரை மாதம். அவள் வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். "சத்தம் சரியா இருக்குதான்னு நான் கேக்க வேணாமா?" என்றாள்.

யாகப்பன் சட்டையைக் கழற்றினான். "நான் உள்ள உக்காந்துக்கறன். அப்பப் போடட்டும்."

"மாமா, வேணாங்க. ஒரு மூட்டைய வெச்சுப் பாக்கலாம்."

"மூட்டைக்கு வெரலு இல்லடா," என்றான் யாகப்பன். "போறப்ப எனக்கு ஒம்போதே முக்கா இருக்குது. திரும்பி வந்து எண்ணிப் பாருங்க." பதினெட்டுப் படியும் அவன் இறங்கும் சத்தம் கேட்டது.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறியது. அருள்நாதன் கொட்டகை வாசலில் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான். நுனி நனைந்தது.

மணி அடித்தது. வெயிலில், சோளத் தட்டை நின்ற காட்டின் நடுவில், ஆளில்லாத கொட்டகையிலிருந்து அது கணகணவென்று கத்தியது. கட்டிலில் ரோசம்மாவின் வாய் தானாகத் திறந்து, சத்தம் வராமல் மூடியது. கிணற்றிலிருந்து புறாக்கள் ஒன்றாகக் கிளம்பி வெள்ளையும் சாம்பலுமாக ஒரு வட்டம் அடித்தன. மாது அண்ணாந்து பார்த்தார். எண்ணெய்க்குள் பிஸ்டன் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி. முக்கால்.

கயிறு தொய்ந்தது. மணி நின்றது.

மோட்டார் போடவில்லை. கரண்ட் இருந்தது, தண்ணீர் இருந்தது, பெல்ட் புதிதாகத் தைத்து இறுக்கமாக இருந்தது. ஓடுவதற்கு வேண்டிய எல்லாம் இருந்தும் அது ஓடாமல் இருந்தது. கீழே ஒரு ஆள் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். அதற்குக் கேட்டுவிட்டது. இவ்வளவு பெரிய அமைதியை அந்தக் காட்டில் யாரும் கேட்டதில்லை.

"மாமா," அருள்நாதன் கொட்டகை வாசலிலிருந்து கூப்பிட்டான். "போதுங்க. கல்ல விட்டுட்டு மேல வாங்க."

"இருடா." கிணறு அதை இரண்டு முறை சொன்னது. "இன்னும் செத்த நேரம்."

அவன் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தான். மேடையில் மோட்டாருக்குப் பக்கத்தில் யாகப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கல் அவன் மடியில் இருந்தது. வெள்ளைத் துணி சுற்றிய கையை அதன்மேல் வைத்து, விழுந்துவிடாதபடி அணைத்துப் பிடித்திருந்தான். தண்ணீர் கம்பி நுனியைத் தாண்டி இன்னும் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. வட்டமடித்த புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, அவன் தலைக்குமேல் அதனதன் பொந்தில் போய் உட்கார்ந்தன.